சியூஇடி மார்க்கு எதை அளக்குது, எதை அளக்கல: டெல்லி அட்மிஷன் கணக்கு ஒரு விளக்கம்

சியூஇடி ரிசல்ட் வந்தாலே டெல்லி தமிழ் வாட்ஸ்அப் குரூப்கள்ல, ஆர்.கே.புரமோ மயூர் விஹாரோ, ரெண்டே வகை புலம்பல்தான் சுத்துது. ஒண்ணு, "போர்டுல 96 பர்சென்ட், ஆனா டியூல (டெல்லி யூனிவர்சிட்டி) கேட்ட காலேஜ் கிடைக்கல, இதென்ன நியாயம்?" இன்னொண்ணு, "ஆன்சர் கீ வச்சு கூட்டிப் பார்த்தா 215 வருது, ஸ்கோர்கார்டுல 198னு போட்டிருக்கான், 17 மார்க்க யாரு தின்னா?" ரெண்டும் வேற வேற கேள்வி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி "எக்ஸாமே வேணாம்"னு ஒரு கோஷ்டியும் "எக்ஸாம்தான் மெரிட்டு"ன்னு இன்னொரு கோஷ்டியும் சண்டை போடுறதாலதான் யாருக்கும் எதுவும் புரிய மாட்டேங்குது. அதனால அடிப்படையிலேர்ந்து ஒவ்வொண்ணா வருவோம்.

சியூஇடின்னா என்ன

சென்ட்ரல் யூனிவர்சிட்டிகள்ல டிகிரி சேர்றதுக்கான பொது நுழைவுத் தேர்வு. 2022 மார்ச்ல யூஜிசி அறிவிச்சது, அந்த வருஷமே 45 சென்ட்ரல் யூனிவர்சிட்டிக்கு அமலுக்கு வந்துடுச்சு. நடத்துறது என்டிஏ, அதாவது நீட், ஜேஇஇ மெயின் நடத்துற அதே ஏஜென்சி. 2025ல சுமார் 13.5 லட்சம் பேர் பதிவு பண்ணி 10.7 லட்சம் பேர் எழுதினாங்க.

2025 முறைப்படி ஒரு பேப்பருக்கு 50 கேள்வி, 60 நிமிஷம். சரியா போட்டா 5 மார்க்கு, தப்பா போட்டா 1 மார்க்கு போயிடும், விட்டுட்டா ஒண்ணும் இல்ல. ஆக ஒரு பேப்பருக்கு 250. தமிழ் உட்பட 13 மொழியில எழுதலாம். டியூல பல பிஏ, பிகாம் கோர்ஸுக்கு ஒரு மொழிப் பேப்பரும் மூணு பாடப் பேப்பரும் சேர்த்து 1000 மார்க்குக்குப் பார்ப்பாங்க, அதை வச்சு சிஎஸ்ஏஎஸ்ங்கிற ஆன்லைன் சிஸ்டம் சீட் ஒதுக்கும்.

போர்டு மார்க்கு இங்க கிட்டத்தட்ட வெறும் பாஸ்போர்ட்தான். பாஸ் ஆகியிருக்கணும், அவ்வளவுதான், ரேங்க்ல அது சேராது. ரெண்டு பேர் ஒரே ஸ்கோர்ல நின்னா மட்டும் போர்டு மார்க்க எடுத்துப் பார்ப்பாங்க. 96 பர்சென்ட் வாங்கின பிள்ளை ஏமாந்து நிக்கிறது இங்கதான்.

இது ஏன் வந்துச்சு

சியூஇடிய திட்டுறவங்க பல பேர் அதுக்கு முன்னாடி இருந்த கூத்த மறந்துட்டாங்க. 2021 வரைக்கும் டியூல பெரும்பாலான கோர்ஸுக்கு பிளஸ் டூ மார்க்குதான், பெஸ்ட் ஃபோர், அதாவது அதிக மார்க்கு வந்த நாலு பாடத்தக் கூட்டி கட்-ஆஃப் போடுவாங்க. 2011லயே டியூவோட பேர் போன காமர்ஸ் காலேஜான எஸ்ஆர்சிசில, ஸ்கூல்ல காமர்ஸ் படிக்காதவங்க பிகாம் ஹானர்ஸ் சேரணும்னா 100 பர்சென்ட்னு கட்-ஆஃப் வந்து நாடே சிரிச்சது. 2021ல பல காலேஜ்ல 100 பர்சென்ட். 99.5 எடுத்த பிள்ளை தோத்துப் போன மாதிரி வீட்ல உக்காந்திருந்துச்சு.

இதுக்குக் காரணம் பிள்ளைங்க திடீர்னு மேதை ஆனது இல்ல. போர்டுகள் மாடரேஷன்னு ஒண்ணு பண்ணும், பேப்பர் கஷ்டம், திருத்துறதுல வித்தியாசம்னு சொல்லி மார்க்க ஏத்திக் கொடுக்கிறது. 2017ல சிபிஎஸ்இ அதை நிறுத்தப் பார்த்துச்சு, அந்த வருஷத்துக்கு நிறுத்தக் கூடாதுன்னு டெல்லி ஹைகோர்ட் சொல்லிடுச்சு. ஒரு போர்டு நிறுத்தினா அதோட பிள்ளைங்க மட்டும் அடிபடுவாங்க, அதனால எந்த போர்டும் முதல்ல கைய எடுக்காது. அப்புறம் கொரோனா வந்து 2021ல சிபிஎஸ்இ எக்ஸாமே நடத்தாம, 10-ஆம் கிளாஸ், 11, 12 மார்க்குகள 30:30:40ன்னு கலந்து ரிசல்ட் போட்டப்போ 95 பர்சென்ட்டுக்கு மேல 70,000 பேருக்கு மேல வந்துட்டாங்க. முந்தின வருஷம் அது 39,000-கூட இல்ல. டியூ முழுசுக்கும் டிகிரி சீட்டே ஏறக்குறைய 70,000தான், அதுக்கு இருபது முப்பது ஸ்டேட் போர்டு பிள்ளைங்களும் போட்டி. எல்லாரும் 95க்கு மேல இருந்தா மார்க்க வச்சு யாரையும் பிரிக்க முடியாது. அந்த வருஷம் கேரளா போர்டு பிள்ளைங்க நிறைய பேர் டியூல சீட் வாங்கினதுக்கு, அந்தப் பிள்ளைங்க மேலயே கேவலமான குற்றச்சாட்டு எல்லாம் வந்துச்சு.

"நியாயம்"னு சொல்றதுக்குள்ள மூணு கேள்வி

இத பிரிச்சுப் பார்க்காம பேசினா விடியுற வரைக்கும் பேசலாம்.

1. எல்லாரையும் ஒரே அளவுகோல் வச்சு அளக்குதா? இதுல பொதுத் தேர்வு போர்டு மார்க்க விட மேல, சந்தேகமே இல்ல. சிபிஎஸ்இ 95, கேரளா 95, தமிழ்நாடு 95 மூணும் ஒண்ணுதான்னு யாராலயும் சொல்ல முடியாது.

2. அளக்கிற விஷயம் காலேஜ்ல நல்லா படிக்கிறதுக்குச் சம்பந்தப்பட்டதா? பாதி. ஹிஸ்டரி ஹானர்ஸ்ல மூணு வருஷம் பிள்ளை எழுதப் போறது கட்டுரை, ஆனா உள்ள வர்றதுக்கு 60 நிமிஷத்துல 50 கேள்விக்கு டிக் அடிக்கணும். போர்டு எக்ஸாம்ல நாலு பக்கம் எழுத வேண்டியிருந்த பழக்கம் இங்க ஒரு பைசாவுக்கு உதவாது. மேத்ஸ், அக்கவுண்டன்சிக்கு இந்தக் குறை கொஞ்சம் கம்மி.

3. தயார் ஆகிறதுக்கு எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு இருந்துச்சா? இல்ல. ஆனா போர்டு மார்க்குலயும் இல்ல. இதைத்தான் ரெண்டு கோஷ்டியும் ஒத்துக்க மாட்டேங்குது.

நார்மலைசேஷன்: அந்த 17 மார்க்கு எங்க போச்சு

ஒரே பாடத்தை லட்சக்கணக்கான பேர் கம்ப்யூட்டர்ல எழுதணும், அவ்வளவு கம்ப்யூட்டர் ஒரே நேரத்துல கிடையாது, அதனால பல ஷிஃப்டா நடத்துறாங்க, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கேள்வி வேற, ஒண்ணு கஷ்டமா இருக்கும் ஒண்ணு ஈஸியா இருக்கும். அப்போ வெறும் மார்க்க ஒப்பிட்டா கஷ்டமான ஷிஃப்ட்ல மாட்டினவன் செத்தான். இதைச் சரி பண்றதுக்குத்தான் ஈக்வி-பர்சென்டைல்னு ஒரு முறை.

முதல்ல பர்சென்டைல்னா என்னன்னு பிடிச்சுக்கணும். 92 பர்சென்டைல்னா 92 பர்சென்ட் மார்க்கு இல்ல, உன் ஷிஃப்ட்ல எழுதினவங்கள்ல 100க்கு 92 பேர் உன் மார்க்கோ அதுக்குக் கீழயோ இருக்காங்கன்னு அர்த்தம். இது மார்க்கு இல்ல, இடம்.

இப்போ கணக்கு இப்படிப் போகும் (எண்கள் புரியுறதுக்காக நான் வச்சது):

1. காலை ஷிஃப்ட் கஷ்டம். அங்க 180 எடுத்த பிள்ளை 92 பர்சென்டைல்.
2. மதியம் ஷிஃப்ட் ஈஸி. அங்க 92 பர்சென்டைல்ல நிக்கிற பிள்ளை எடுத்தது 200.
3. ரெண்டும் ஒரே இடம், அதனால ரெண்டையும் சராசரி பண்ணி 190. காலைல எழுதினவனுக்கும் 190, மதியம் எழுதினவளுக்கும் 190.

காலைப் பிள்ளைக்கு 10 ஏறுது, மதியப் பிள்ளைக்கு 10 இறங்குது. இறங்கினவங்க மட்டும்தான் சத்தம் போடுவாங்க, ஏறினவங்க கம்முன்னு இருப்பாங்க, அது மனுஷ குணம். ஆக 215 போய் 198 வந்திருந்தா யாரும் திருடல, உங்க ஷிஃப்ட் மத்த ஷிஃப்ட்ட விட ஈஸியா இருந்திருக்கு, அவ்வளவுதான்.

ஆனா இந்தக் கணக்கு ஒரு அனுமானத்து மேல நிக்குது. ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் நல்லா படிக்கிறவங்க, சுமாரா படிக்கிறவங்க எல்லாரும் ஏறக்குறைய ஒரே கலவைல இருக்காங்கங்கிறதுதான் அது. பிள்ளைங்கள சும்மா குலுக்கிப் போட்ட மாதிரி ஷிஃப்ட்ல பிரிச்சா இது சரி. எந்தப் பாடங்கள சேர்த்து எடுத்திருக்காங்க, எந்த ஊர்ல எழுதுறாங்கங்கிறத வச்சு ஷிஃப்ட் அமைஞ்சா கலவை மாறிடும், அப்போ நல்லா படிக்கிறவங்க நிறைய இருக்கிற ஷிஃப்ட்ல மாட்டினவனுக்கு பர்சென்டைல் அநியாயமா இறங்கும். கம்மி பேர் எழுதுற பாடத்துல இன்னொரு சிக்கல், ஷிஃப்ட்ல ஆளே கம்மின்னா ரெண்டு கேள்வி வித்தியாசத்துக்கு பர்சென்டைல் குதிக்கும். முறை தப்பு இல்ல, ஆனா அது சொல்ற அளவுக்கு துல்லியமும் இல்ல.

தமிழ்நாட்டுல நார்மலைசேஷனே கிடையாதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 2007ல இன்ஜினியரிங், மெடிக்கல் நுழைவுத் தேர்வ எடுத்தப்போ, வெவ்வேற போர்டு மார்க்க ஒப்பிட சட்டத்துலயே ஒரு வழி வச்சாங்க, அந்தந்த போர்டுல ஒரு பாடத்துல வந்த அதிகபட்ச மார்க்க ஸ்டேட் போர்டோட அதிகபட்சத்துக்குச் சமமாக்கி மத்தவங்க மார்க்க அதே விகிதத்துல ஏத்துறது. கேட்க நல்லா இருக்கு, ஆனா ரெண்டு போர்டுலயும் யாராவது ஒருத்தர் 100 வாங்கிட்டா இந்த ஃபார்முலா ஒண்ணுமே பண்ணாது.

கடைசி சில மார்க்கு வெறும் அதிர்ஷ்டம்

இத யாரும் பேசுறதே இல்ல, ஆனா எனக்கு இதுதான் முக்கியமான விஷயம்.

ஒரு பேப்பர்ல ஒரு பிள்ளைக்கு 40 கேள்வி நிச்சயமா தெரியும், 10 கேள்வி சுத்தமா தெரியாது, நாலு ஆப்ஷன்ல கண்ண மூடிட்டு ஒண்ணு அடிக்குதுன்னு வைங்க. சராசரியா ஒரு குருட்டு அடிக்கு அரை மார்க்கு லாபம், அதனால அடிக்கிறதுதான் புத்திசாலித்தனம். ஆனா சராசரி வேற, நடக்கிறது வேற. கணக்குப் போட்டா நாலுல ஒரு பிள்ளைக்கு அந்த 10ல ஒண்ணோ பூஜ்யமோதான் சரியா வரும், அதுக்கு மைனஸ் 4 இல்லன்னா மைனஸ் 10. அதே மாதிரி கிட்டத்தட்ட நாலஞ்சுல ஒரு பிள்ளைக்கு நாலோ அதுக்கு மேலயோ சரியா வந்துடும், அதுக்கு ப்ளஸ் 14லேர்ந்து மேல. ரெண்டு பேருக்கும் அறிவு ஒரே அளவு, ஒரே பேப்பர்ல 18 மார்க்கு வித்தியாசம். இப்படி நாலு பேப்பர்.

1000க்கு 840ஆ 600ஆன்னு பார்க்க இந்தத் தேர்வ தாராளமா நம்பலாம், அந்த வித்தியாசம் அதிர்ஷ்டத்துல வராது. ஆனா 842ஆ 838ஆன்னு பார்த்து ஒருத்திக்கு ஹிந்து காலேஜ், இன்னொருத்திக்கு வேற ஏதோன்னு பிரிக்கிறது லாரி எடை போடுற மேடையில தங்கம் எடை போடுற கதை. அதுலயும் நார்மலைஸ் பண்ணின மார்க்குல தசமத்துக்கு அப்புறம் ஏழெட்டு இலக்கம் வேற அச்சடிச்சுக் கொடுக்கிறாங்க. அத்தனை இலக்கத்தப் பார்த்ததும் நமக்கும் ஏதோ விஞ்ஞானம்னு பயபக்தி வந்துடுது.

காசு எந்த வழியா உள்ள வருது

போர்டு மார்க்குல காசு நல்ல ஸ்கூல் வழியா, தாராளமா போடுற இன்டர்னல் மார்க்கு வழியா வரும். பொதுத் தேர்வுல கோச்சிங் வழியா வரும். வழிதான் வேற.

கோச்சிங் வழிய தமிழ்நாடு எண்கள்ல பார்த்திருக்கு. நீட் பத்தி ஆராய்ஞ்ச நீதிபதி ஏ.கே.ராஜன் கமிட்டி 2021ல கொடுத்த அறிக்கைல, எம்பிபிஎஸ் சேர்ந்தவங்கள்ல முன்னாடி வருஷமே பிளஸ் டூ முடிச்சுட்டு திரும்ப எழுதினவங்க 2016-17ல 12.47 சதவீதம், 2020-21ல 71.42 சதவீதம். அதாவது ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ வீட்ல உக்காந்து கோச்சிங் போக வசதி இருக்கிற குடும்பத்துக்கு அந்தக் கதவு அகலமாயிடுச்சு. இந்த அனுபவத்துலதான் 2022 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டசபை சியூஇடி வேணாம்னு தீர்மானம் போட்டது.

டெல்லில இதோட இன்னொரு முகம் டம்மி ஸ்கூல். பிள்ளை பேர் ஸ்கூல் ரெஜிஸ்டர்ல இருக்கும், ஆள் கோச்சிங்ல இருக்கும். 2024 நவம்பர்ல சிபிஎஸ்இ 21 ஸ்கூலோட அங்கீகாரத்த ரத்து பண்ணுச்சு, அதுல 16 டெல்லில. போர்டு மார்க்குக்கு மதிப்பு போனா ஸ்கூலுக்கு எதுக்குப் போகணும்னு பிள்ளை கேட்கும், அதுல தப்பே இல்ல, சிஸ்டம் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

அமெரிக்கா போய் திரும்பி வந்த இடம்

அமெரிக்கால காலேஜ் சேர்றதுக்கு எழுதுற எஸ்ஏடி எக்ஸாம் 1926லேர்ந்து இருக்கு, இதே சண்டை அங்க பல வருஷமா. கொரோனா நேரத்துல பெரும்பாலான காலேஜ் அதைக் கட்டாயம் இல்லன்னு ஆக்கிடுச்சு. கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில 2020ல பேராசிரியர்கள் குழுவே ஆராய்ஞ்சு, முதல் வருஷப் படிப்ப கணிக்கிறதுல எஸ்ஏடி ஸ்கூல் மார்க்க விட நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லுச்சு, ஆனா நிர்வாகம் அதே வருஷம் தேர்வக் கைவிட முடிவு பண்ணுச்சு. எம்ஐடி 2022ல திரும்பக் கொண்டு வந்துச்சு. 2024ல டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு. டார்ட்மத் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்க, தங்களுக்குச் சாதகமா இருந்திருக்கக் கூடிய ஸ்கோரையே கம்மின்னு நினைச்சு அனுப்பாம விட்டுட்டாங்களாம்.

2023ல பொருளாதார நிபுணர் ராஜ் செட்டி (நம்ம டெல்லில பிறந்தவர்தான்) குழு போட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். ஒரே எஸ்ஏடி ஸ்கோர் வச்சிருந்தாலும், மேல்தட்டு 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை பெரிய காலேஜ்ல சேர்றது நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைய விட ரெண்டு மடங்குக்கு மேல. காரணம் அப்பா படிச்ச காலேஜ், விளையாட்டு கோட்டா, "ஆளுமை" மதிப்பெண். ஆக தேர்வ எடுத்துட்டா காசு வெளிய போயிடும்னு யாரும் நினைக்க வேணாம். தேர்வுலயும் காசு இருக்கு, ஆனா இன்டர்வியூ, சிபாரிசு, ப்ரொஃபைல்னு போனா இன்னும் அதிகம் இருக்கு.

அப்போ என்னதான் பண்றது

என் கருத்து, தேர்வு இருக்கட்டும், அது மட்டுமே எல்லாத்தையும் முடிவு பண்ண வேணாம்.

1. போர்டு மார்க்குக்கு கொஞ்சம் எடை. கால் பங்கு போதும். அந்த மார்க்கு ஊதிப் போயிருந்தாலும் ஒரே போர்டுக்குள்ள யார் எங்க நிக்கிறாங்கன்னு பர்சென்டைல்ல பார்க்கலாம், அந்தக் கணக்கு நமக்குத் தெரிஞ்சதுதானே.

2. பின்புலத்துக்கு வெளிப்படையா மார்க்கு. இது புதுசு இல்ல, ஜேஎன்யூல பின்தங்கின மாவட்டத்துலேர்ந்து வர்றவங்களுக்கு டெப்ரிவேஷன் பாயிண்ட்னு நீண்ட காலமா கொடுத்து வந்தாங்க. தமிழ்நாட்டுல 2020லேர்ந்து மெடிக்கல்ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு.

இதுல கஷ்டம் எதை அடையாளமா வைக்கிறதுங்கிறதுதான். ஜங்புரால தமிழ்க் குடும்பங்க இருந்த மதராஸி கேம்ப்ங்கிற குடிசைப் பகுதிய 2025 ஜூன் 1ல இடிச்சாங்க, சுமார் 370 வீடு, தகுதின்னு சொன்ன குடும்பங்களுக்கு நரேலால ஃபிளாட், ஊரோட வடக்கு மூலை. மே நடுவுல ஆரம்பிச்ச சியூஇடி அப்போ இன்னும் முடியல. அந்த கேம்ப்லேர்ந்து டிடிஇஏ (டெல்லி தமிழ்க் கல்விக் கழகம்) நடத்துற தமிழ் ஸ்கூல்ல படிச்ச ஒரு பிள்ளைய நினைச்சுப் பாருங்க. மாவட்டத்த வச்சுப் பார்த்தா அது டெல்லி, பின்தங்கின லிஸ்ட்ல வராது. அரசுப் பள்ளின்னு பார்த்தா டிடிஇஏ அரசு உதவி பெறும் பள்ளி, அதுலயும் வராது. ரெண்டு நல்ல திட்டமும் அந்தப் பிள்ளைய தாண்டிப் போயிடும். அதனால குடும்ப வருமானம், வீட்ல முதல் பட்டதாரியா, இந்த ரெண்டையும் பார்க்கிறதுதான் கொஞ்சமாவது ஒட்டும்.

3. நடத்துறது ஒழுங்கா நடக்கணும். 2022 ஆகஸ்ட்ல டெக்னிகல் கோளாறுன்னு எக்ஸாம் ரத்து, 2024ல மே 15 எக்ஸாம டெல்லி சென்டர்களுக்கு மட்டும் முந்தின ராத்திரி தள்ளி வச்சது, 2025ல அக்கவுண்டன்சி பேப்பர் சிலபஸ்ல இல்லாததக் கேட்டுட்டாங்கன்னு மறுபடி எழுத வாய்ப்பு. அளவுகோல் ஒண்ணுதான்னு சொல்ற ஒரே பலமும் இப்படித்தான் கரையுது.

டெல்லி தமிழ் வீட்டுக்கு இதுல நடைமுறையா என்ன

மொழிப் பேப்பருக்கு இங்கிலீஷ்தான் எடுக்கணும்னு பலர் நினைக்கிறாங்க. டியூல பெரும்பாலான கோர்ஸுக்கு லிஸ்ட்ல இருக்கிற ஏதாவது ஒரு மொழி போதும், தமிழும் அந்த லிஸ்ட்ல இருக்கு. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரின்னு இருக்கிற ஏழு டிடிஇஏ ஸ்கூல்ல தமிழ் படிச்ச பிள்ளைக்கு இது நல்ல வழி. இங்கிலீஷ் ஹானர்ஸ் மாதிரி கோர்ஸ் வேணும்னா மட்டும் இங்கிலீஷ் எழுதியே ஆகணும், ஃபார்ம் போடுறதுக்கு முன்னாடி அந்த வருஷ டியூ புல்லட்டின்ல கோர்ஸ் வாரியா சரி பார்த்துக்கணும், ஏன்னா விதிகள் வருஷா வருஷம் மாறுது.

சீட் ஒதுக்கீட்டுல ப்ரிஃபரன்ஸ் ஆர்டர "எது கிடைக்கும்"னு யோசிச்சு போடாம "எது வேணும்"னு போடணும். மேல கேட்டது கிடைக்கலன்னா சிஸ்டம் தானா கீழ இறங்கும், மேல கேட்டதால கீழ இருக்கிறதுக்கு நஷ்டம் இல்ல.

போர்டு எக்ஸாம விட்டுடவும் முடியாது. டை ஆனா முதல்ல பார்க்கிறது பிளஸ் டூல பெஸ்ட் த்ரீ, அப்புறம் பெஸ்ட் ஃபோர், அதுலயும் சமம்னா பெஸ்ட் ஃபைவ், அதுக்கும் அப்புறம்தான் பிறந்த தேதி. அதோட அண்ணா யூனிவர்சிட்டி பக்கம் ஒரு கண் வச்சிருக்கிற வீடுன்னா அங்க டிஎன்இஏ, அதாவது தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன், முழுக்க மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி போர்டு மார்க்குதான், நேட்டிவிட்டி சர்ட்டிஃபிகேட்டும் கேட்பாங்க, அதை ஊர்ல தாலுகா ஆஃபீஸ்ல எடுக்க நாள் ஆகும், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம முன்னாடியே அப்ளை பண்ணி வச்சுடுங்க.